ஆங்கிலத்தில் ‘இட்’, நம் வாயில் அவன், அவள், பிள்ளை: வடசென்னை அனுபவங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து (இந்த உரையாடலைத் தொடங்கியவர்):

மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாவது படிக்கும் ஒரு பெண், வீட்டில் வளர்க்கும் ஆட்டைப் பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தாள். ஆடு குட்டி போட்டது, குட்டியை நக்கிக்கொடுத்தது, மழைக்கு மாடிப்படி அடியில் ஒதுங்கியது, எல்லாவற்றுக்கும் ‘ஷீ’ போட்டிருந்தாள். திரும்பி வந்த தாளில் ஒவ்வொரு ‘ஷீ’யும் அடிக்கப்பட்டு, மேலே சிவப்பு மையில் ‘இட்’. மதிப்பெண்ணும் போயிருந்தது. “மிஸ், அது குட்டியே போட்டுச்சு. அப்புறம் எப்படி மிஸ் ‘ஷீ’ தப்பாகும்?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம். ஆங்கில இலக்கணப்படியும் நியாயம். விலங்கு என்றாலே ‘இட்’தான் என்று ஆங்கிலத்தில் சட்டம் எதுவும் கிடையாது. பத்திரிகைக்காரர்கள் பலர் பின்பற்றும், அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக் கையேடுகூட, பெயர் வைத்த விலங்குக்கும் ஆணா பெண்ணா என்று தெரிந்த விலங்குக்கும் ‘ஹீ’, ‘ஷீ’ போடச் சொல்கிறது. மிச்சத்துக்குத்தான் ‘இட்’. ஆனால் அந்த மிச்சம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். கடலில் நீந்துவது, காட்டில் மேய்வது, தெருவில் திரிவது, கறிக்கடைக்குப் போவது என்று பெயரில்லாத அத்தனை உயிரும் நாற்காலி, பக்கெட்டோடு ஒரே சொல்லுக்குள் அடைபட்டுப் போகிறது. இதை மாற்றுங்கள் என்று 2021இல் ஜேன் குடாலும் விலங்குகளுக்காகப் பேசும் வேறு பலரும் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள்.

குடாலுக்கு இது பழைய சண்டை. 1960இல் இன்றைய தான்சானியாவில் உள்ள கோம்பே காட்டுக்குப் போய், சிம்பன்சிகளுக்கு எண் போடாமல் பெயர் வைத்துக் கவனித்தவர் அவர். ஆரம்ப காலத்தில் அவர் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் ‘ஹீ’, ‘ஷீ’, ‘ஹூ’ என்று இருந்ததையெல்லாம் பதிப்பாசிரியர் அடித்துவிட்டு ‘இட்’, ‘விச்’ என்று மாற்றி அனுப்பினார். குடால் அந்தத் திருத்தங்களை அடித்துவிட்டுத் தன் சொற்களையே திரும்பப் போட்டார். அவையே அச்சிலும் வந்தன.

இங்கே கருத்து மட்டும் சொல்லாமல், உங்கள் கண் முன்னால் நடந்ததை எழுதுங்கள். கடல், துறைமுகம், மாடி, கழிமுகம் என்று எங்கே நடந்ததாக இருந்தாலும் சரி.

காசிமேட்டிலிருந்து:

அம்மா மீன் ஏலத்தில் எடுத்து விற்கிறவர். நான் மீன் ஏற்றுமதி செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன், நாள் முழுக்க ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவேன். அதனால் இரண்டு பேச்சும் எனக்குப் பழக்கம்.

அம்மாவிடம் நண்டு வாங்க வருகிறவர்கள் பாதிப்பேர் அது ஆணா பெண்ணா என்று பார்க்காமலே எடை போடச் சொல்வார்கள். அம்மா விடமாட்டார். நண்டை மல்லாத்தி, வயிற்றில் மடிந்திருக்கும் மூடியைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டுவார். குறுகிக் கூராக இருந்தால் ஆண். அகலமாக, அரைவட்டமாக இருந்தால் பொட்டை. அந்த மூடிக்கு அடியில் முட்டை கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது சினை நண்டு. “இவ புள்ளத்தாச்சி, இவள வாங்காத கண்ணு, அடுத்த வருஷம் உனக்கும் எனக்கும் நண்டு வேணாமா” என்பார். உயிரோடு இருந்தால் தண்ணீரில் விடச் சொல்லிப் பையனிடம் கொடுத்தனுப்புவதும் உண்டு. பள்ளிக்கூடம் போகாதவர் அம்மா. நண்டைப் புரட்டிப் பார்ப்பதால்தான் அவருக்கு ‘இவ’ என்ற சொல் வருகிறது.

என் அறிக்கைகளில் அதே நண்டுக்கு ‘இட்’ என்ற மரியாதைகூடக் கிடையாது. கிலோ, பெட்டி, தரம், அவ்வளவுதான். வலையில் வேண்டாமல் சிக்குகிற உயிர்களுக்கு ஆங்கிலத்தில் ‘பைகேட்ச்’ என்று ஒரு சொல் உண்டு. ஆமையும் அதற்குள் அடக்கம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் முழுக்கப் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலையில் மாட்டினால் மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகும். விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆமைகள் கூடுவதும் அந்தக் கரையோரத் தண்ணீரில்தான்.

அந்த நேரத்தில் திருவொற்றியூர்ப் பக்கம் அலைதடுப்புக் கற்களுக்கு நடுவே ஒன்று கிடந்தது. கண் வெளியே பிதுங்கி, கழுத்து வீங்கி இருந்தது. அப்பா குனிந்து வாலைப் பார்த்தார். ஆண் ஆமைக்கு வால் தடித்து ஓட்டைத் தாண்டி நீண்டிருக்கும், பெண்ணுக்குக் குட்டையாக உள்ளேயே நிற்கும். “பொட்டை. முட்டை போட வந்தவ” என்றார். முட்டையிடக் கரையேறுவது பெண் ஆமை மட்டும்தான், ஆண் கடலை விட்டு வெளியே வருவது அபூர்வம். மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் ‘கார்கஸ்’கள், அதாவது செத்த விலங்கின் உடல்கள், இத்தனை என்று கணக்கு வந்தது. கணக்கு வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் முட்டை போட வந்தவள் ஒருத்தி செத்தாள் என்று அப்பா சொன்னபோது அங்கே நின்ற படகு ஆட்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதில் இழுவலைப் படகில் போகிறவர்களும் இருந்தார்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

எங்கள் பக்கம் மாடிக்கு மாடி புறாக்கூண்டு. பந்தயத்துக்கு விடுகிற கர்ணப் புறாக்கள் மணிக்கணக்கில் மேலேயே சுற்றும். யாரும் அண்ணாந்து பார்த்து “அது இன்னும் இறங்கல” என்று சொல்லி நான் கேட்டதில்லை. “அவன் இறங்க மாட்டான், பொட்டை இறங்குனாதான் வருவான்” என்பார்கள். எங்கள் தெருவில் ஒரு தம்பி இப்போது புறாக்களைப் பற்றி ஆங்கிலத்தில் வீடியோ போடுகிறான். தமிழில் ‘அவன்’ என்று பேசிக்கொண்டிருந்தவன் ஆங்கிலத்துக்கு மாறியதும் எல்லாம் ‘இட்’. அவன் ஒவ்வொரு புறாவின் தாய் தகப்பன் வரை சொல்வான். அதெல்லாம் ஆங்கில வீடியோவில் காணாமல் போய், விலையும் இறக்கை நீளமும் மட்டும் மிஞ்சுகிறது.

ராயபுரத்திலிருந்து:

துறைமுகத்தில் வேலை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். இரும்புத் தகடும் பெயின்ட்டும் ஆன கப்பலை வயர்லெஸ்ஸில் எல்லோரும் ‘ஷீ’ என்பார்கள். ‘ஷீ’ வருகிறாள், ‘ஷீ’ கட்டியாயிற்று என்றுதான் பேச்சு. லண்டனிலிருந்து வரும் பழைய கப்பல் பத்திரிகை லாய்ட்ஸ் லிஸ்ட் 2002இல் இனி கப்பலுக்கு ‘இட்’ என்று அறிவித்தது. ஆனால் கடலோடிகளின் வாய் மாறவில்லை. எங்கள் ஷெட்டுப் பக்கம் ஒரு நாய் குட்டிகளோடு இருந்தது. அதைப் பற்றி வந்த ஆங்கில சர்க்குலரில் அந்தத் தாய்க்கு ‘இட்’. கப்பலுக்குக் கிடைத்தது நாய்க்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்துக்கு உயிரில்லாத ஒன்றைப் பெண்ணாகப் பேசத் தெரியாமல் இல்லை. தனக்கு வேண்டியதற்கு மட்டும் பேசும்.

பெரம்பூரிலிருந்து:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். விலங்குகளைப் பற்றிய ஆவணப்படங்களும் அதில் வரும்.

இங்கே எழுதியவர்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் தமிழிலும் விலங்குக்கு ‘அது’தானே என்று யாராவது கேட்டால் என்ன சொல்வோம்? தொல்காப்பியம் சொல்லதிகாரம் தொடங்குவதே அங்கேதான்: “உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே.” மக்கள் ஒரு பக்கம், மற்றதெல்லாம் இன்னொரு பக்கம். யானையும் கல்லும் ஒரே திணை. ஆங்கிலத்தைவிட இது கறாரான கோடு.

ஒரு முறை பெண்புலி ஒன்றைப் பற்றிய படம் வந்தது. ஆங்கிலத்தில் முழுக்க ‘ஷீ’. தயாரிப்புத் தரப்பில் தமிழிலும் ‘அவள்’ என்றே வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். குரல் கொடுக்க வந்த அம்மா இரண்டு வரி வாசித்துவிட்டு, “சார், அவள் பதுங்கினாள், அவள் பாய்ந்தாள்னு சொன்னா யாரோ சினிமா வில்லி மாதிரி இருக்கு. தாய்ப்புலி பதுங்குதுன்னு சொல்றேனே” என்றார். சொன்னார். குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஆற்றைக் கடக்கும் இடத்தில் “பிள்ளையத் தூக்கிட்டுப் போவுது பாருங்க” என்று தானாகவே சேர்த்துக்கொண்டார். ஒலிப்பதிவு அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ‘அது’தான் போட்டார், புலி ஒரு துளியும் பொருளாகவில்லை.

ஏன் என்று யோசித்தால் நம் ஊர்ப் பேச்சே விடை சொல்கிறது. வடசென்னையில் “எங்கம்மா சொல்லிச்சு”, “அக்கா வந்துச்சு” என்று சொல்லாத வீடு எது? பெற்ற தாய்க்கே அஃறிணை முடிவு போடுகிறோம், அதில் பாசம்தான் இருக்கிறது. “குழந்தை தூங்குது” என்பதும் அப்படித்தான். எனவே நம் ‘அது’ ஆளையும் உயிரையும் தள்ளிவைக்கிற சொல் அல்ல. ஆங்கிலத்தில் பெற்றவள் காதுபட அவள் குழந்தையை ‘இட்’ என்று சொல்லிப் பாருங்கள், கோபப்படுவாள்.

இன்னொன்று. நாம் விலங்கின் உயிரைச் சுட்டுப்பெயரில் வைக்கவில்லை, பெயர்ச்சொல்லிலேயே வைத்துவிட்டோம். அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை, ஏன், தென்னம்பிள்ளை! மரக்கன்றையே பிள்ளை என்கிறோம். தொல்காப்பிய மரபியலில் எந்த உயிரின் குட்டிக்கு என்ன பெயர், ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன என்று வரிசையாக வருகிறது: களிறு, பிடி, கடுவன், மந்தி, பறழ், குருளை, பார்ப்பு. அதே இடத்தில்தான் புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, நண்டுக்கும் தும்பிக்கும் நாலறிவு என்று அறிவின் அடிப்படையில் உயிர்களை அடுக்குகிறார்கள். அதற்கு மேல் இலக்கணமே ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. பசு மாட்டைப் பார்த்து “என் அம்மை வந்தாள்” என்றால் அது பிழை இல்லை, உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்கிறது நன்னூல் மரபு. பள்ளியில் எல்லோரும் படித்த உதாரணம்தான். மகிழ்ச்சியில் திணை மாறலாம் என்று இலக்கணமே அனுமதி எழுதிக் கொடுத்திருக்கிறது.

என் கவலை இங்கேதான். ஆங்கில வழியில் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு ‘இட்’ மட்டும் போய்ச் சேருகிறது. பிள்ளை, பிடி, மந்தி, வழுவமைதி எதுவும் கூடவே போவதில்லை. ஆங்கிலத்தில் சுட்டுப்பெயரைப் பறித்துவிட்டால் உயிரைக் காட்ட வேறு இடம் குறைவு. அந்த ஆட்டுக்காரப் பெண்ணின் ‘ஷீ’யை அடித்தவர் அவளிடம் இருந்த ஒரே கருவியைப் பிடுங்கியிருக்கிறார்.

எண்ணூரிலிருந்து:

மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு 2023 டிசம்பரில் எண்ணெய் வந்தது. ஆலைப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் இறங்கியது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் கறுப்புப் பிசின். எங்கள் ஆட்கள் கையாலேயே எண்ணெயை அள்ளினார்கள். கூழைக்கடாக்கள் நெஞ்சும் இறக்கையும் பழுப்பேறி உட்கார்ந்திருந்தன. ஒன்று அலகால் இறகைக் கோதுவதும், எண்ணெய் வாய்க்குள் போனதும் தலையை உதறுவதும், திரும்பவும் கோதுவதுமாக இருந்தது. பக்கத்தில் எண்ணெய் அள்ளிக்கொண்டிருந்த பெரியவர் “கோதாதடா, கோதாதடா” என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கைகளிலும் முழங்கை வரை அதே எண்ணெய்.

பிறகு ஒரு கூட்டத்தில் ஆங்கில அறிக்கையைப் பார்த்தேன். ‘ஏவிஃபானா’ (ஓர் இடத்துப் பறவைகள்) என்று ஒரு தலைப்பு, கீழே லத்தீன் பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியலில் யாருக்கும் வலிக்காது. பெரம்பூர்க்காரர் தமிழைப் பற்றிச் சொன்னது அழகு. ஆனால் எங்கள் கழிமுகத்தைப் பற்றிய முடிவுகள் எழுதப்படும் மொழி ஆங்கிலம். அந்த மொழியில்தான் நாம் சண்டை போட வேண்டியிருக்கிறது. அதனால் அந்தப் பெண் ‘ஷீ’ என்று எழுதியது எனக்கு முக்கியம். நாளைக்கு ஆட்சேபணை மனு எழுதப் போகிறவள் அவளாகவும் இருக்கலாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. எண்ணூர்க்காரருக்கு ஒரு செய்தி. ஆங்கிலத்துக்குள்ளேயே இந்தச் சண்டை நடக்கிறது. அமெரிக்காவில் பொட்டவாட்டமி பழங்குடியைச் சேர்ந்த தாவரவியலாளர் ராபின் வால் கிம்மரர், உயிருள்ள எதற்கும் ‘இட்’ வேண்டாம், ஒருமைக்கு ‘கி’, பன்மைக்கு ‘கின்’ என்று சொல்லலாம் என்கிறார். ‘கி’யைத் தன் மக்களின் மொழியிலிருந்து எடுத்தார். ‘கின்’ ஆங்கிலத்தில் ஏற்கெனவே உறவினர்களைக் குறிக்கும் சொல். தேர்வுத்தாளில் இதை எழுதச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆண், பெண் தெரிந்தால் துணிந்து ‘ஹீ’, ‘ஷீ’ எழுது என்று இப்போது எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிறேன். தெரியாவிட்டால் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டு வா என்கிறேன்.

காசிமேட்டு அண்ணா, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிவந்தால் அம்மா நண்டு காட்டுவாரா?

காசிமேட்டிலிருந்து:

ஞாயிறு வேண்டாம்மா, கூட்டத்தில் நிற்கவே இடம் இருக்காது. வாரநாளில் வாங்க, விடிவதற்குள் வந்துவிட வேண்டும். ஏப்ரல் 15க்கு முன்னால் வாங்க, அதற்கப்புறம் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. நண்டை மல்லாத்துவதை அம்மாவே சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகளைக் கொடுக்குக்குப் பின்னால் பிடிக்கச் சொல்லுங்கள். ஆமைக்குஞ்சு பார்க்க முடிந்தால் மட்டும் ஆணா பெண்ணா என்று அப்பாவிடம் கேட்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். முட்டை இருந்த மணலின் சூட்டை வைத்து ஆமைக்கு ஆண், பெண் அமைகிறது, சூடு கூடினால் பெண் கூடும். குஞ்சை வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அப்பா அவற்றைப் ‘பசங்க’ என்பார்.