புதுப்பிப்பு: தாரிஃபாவின் லெவாந்தே காற்றுக்கு 5.3 பாயா, 4.7 பாயா?

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. ஸ்பெயினின் தாரிஃபாவில் 18 முதல் 27 நாட் வரை (மணிக்குச் சுமார் 33 முதல் 50 கி.மீ.) ஏறி இறங்கும் லெவாந்தே என்ற கிழக்குக் காற்றில் விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையில் நின்று நீரில் சறுக்கும் விளையாட்டு) செய்ய, 78 கிலோ எடையுள்ள நான் 5.3, 4.7 சதுர மீட்டர் பாய்களில் எதை எடுப்பது என்று கேட்டிருந்தேன்.

பாயைச் சிறிதாகவும் பலகையைப் பெரிதாகவும் வைத்துக்கொள்ளுங்கள் என்ற யோசனையே பலித்தது. காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் பாயின் மீது விழும் விசை 2.25 மடங்காகிவிடுவதால், தணிவை நம்பிப் பெரிய பாயை எடுத்தால் வீச்சு வரும்போது கை தாங்காது, 4.7 சதுர மீட்டர் பாயோடு 105 லிட்டர் பலகையை எடுத்தபோது, காற்று தணிந்த இடங்களிலும் பலகை அமிழாமல் அடுத்த வீச்சு வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

டவுன்ஹாலை (பாயைப் பாய்மரத்தின் அடியை நோக்கி இழுத்து இறுக்கும் கயிற்றை) இன்னும் இழுக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. பாயின் மேற்பகுதியில் பின்விளிம்பு தொளதொளவென்று ஆடும் அளவுக்கு இழுத்துக் கட்டியதும், வீச்சு வரும்போதெல்லாம் அந்த விளிம்பு தானே திறந்து மிகுதிக் காற்றை வெளியே விட்டது. கரையில் பார்க்க அழகாக இராது. தண்ணீரில் வித்தியாசம் உடனே தெரியும்.

எதிர்பாராதது, பலகையின் அடியில் பின்புறம் இருக்கும் துடுப்பான ஃபின்தான். பெரிய பாய்க்கு ஏற்ற 36 செ.மீ. ஃபின், சிறிய பாயோடு வேகமெடுத்தபோது பலகையின் வால்பகுதியைத் தூக்கியடித்தது, 30 செ.மீ. ஃபினுக்கு மாறிய பிறகே அடங்கியது.

லோஸ் லான்செஸ் கடற்கரையில் லெவாந்தே கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும் என்பதால், புதியவர்கள் துணையின்றி இறங்க வேண்டாம். மேற்கிலிருந்து சீராக வீசும் போனியந்தே காற்றுக்கு நான் இன்னும் 5.3 பாயையே எடுக்கிறேன்.