பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் வழி: உங்கள் வீட்டுக் கீசரில் நடந்ததைச் சொல்லுங்கள்

வடவள்ளி பட்டறை

கீசர் வாங்க வருகிறவர்கள் காயில் எத்தனை வாட், டேங்க் ஸ்டீலா கிளாஸ் கோட்டிங்கா, எத்தனை ஸ்டார் என்றெல்லாம் கேட்பார்கள். அடியில் நீல வளையம் போட்ட அரை இன்ச் குழாய் உள்ளே எப்படி முடிகிறது என்று இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் ரொம்ப நாள் அதை யோசிக்கவில்லை, அதுதான் உறுத்துகிறது. கோவையில் சின்னப் பட்டறை, 25 லிட்டர் டேங்க் வளைத்து வெல்டு அடித்துக் கொடுப்பது வேலை. அந்தக் குழாய் முனையை, அதாவது நிப்பிளை, அடித்தகட்டில் மேலே பார்த்தபடி வைத்து வெல்டு அடித்துவிடுவோம், உள்ளே வெறும் திறந்த வாய்தான். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இருந்து ஒரு அம்மா போன் செய்து, "ஒன்றரை பக்கெட்டுக்கு மேல ஆறிப் போயிடுதுங்க, மாமியாருக்குத் தலைக்கு ஊத்தப் பத்தலீங்க" என்றார். தெர்மோஸ்டாட் மாற்றினேன், காயில் மாற்றினேன், அதே புகார்தான்.

அப்புறம் அக்ரிலிக் ஷீட்டில் அதே உயரத்துக்கு ஒரு பெட்டி ஒட்டி, 60 டிகிரி வெந்நீர் நிரப்பி, கீழிருந்து பெர்மாங்கனேட் கலந்த பச்சைத் தண்ணீரை நிமிடத்துக்கு 8 லிட்டர் கணக்கில் விட்டேன். ஊதா நிறம் ஊற்று மாதிரி நேராக எழும்பி மேல் மூடியில் மோதி நாலா பக்கமும் விரிந்தது. வெந்நீரை எடுக்கும் குழாயின் வாய் இருப்பது சரியாக அந்த இடத்தில்! பச்சைத் தண்ணீர் கனம், தானாகவே அடியில் தங்கிவிடும் என்று நம்பியிருந்தேன். 20 டிகிரித் தண்ணீருக்கும் 60 டிகிரித் தண்ணீருக்கும் எடையில் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரைதான், விநாடிக்கு 75 சென்டிமீட்டர் வேகத்தில் பாய்ந்து வருவதை அந்த ஒன்றரை எப்படி நிறுத்தும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 டிகிரியில் 25 லிட்டர், குழாய்த் தண்ணீர் 25 டிகிரி, குளிக்க 40 டிகிரி வேண்டும். உள்ளே இரண்டும் கலக்காமல் அடுக்காக நின்றால், வெளியே பக்கெட்டில் பச்சைத் தண்ணீர் சேர்த்து 58 லிட்டர் கிடைக்கும், அதாவது 20 லிட்டர் பக்கெட்டில் கிட்டத்தட்ட மூன்று. முழுக்கக் கலந்துவிட்டால் 33 லிட்டர்தான். அந்த அம்மா சொன்ன ஒன்றரை பக்கெட் அப்படியே வருகிறது. கரண்ட் செலவு ஒன்றுதான், ஸ்டார் ஒன்றுதான், ஏனென்றால் ஸ்டார் பார்ப்பது சும்மா நிற்கும்போது எவ்வளவு சூடு வீணாகிறது என்பதை மட்டும். நிப்பிள் வாயில் பித்தளை மூடி கடைந்து பக்கவாட்டில் 3 மில்லி துளை 24 போட்டேன். மறுபடி ஊதாத் தண்ணீர் விட்டபோது அடியில் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொண்டது. தொண்டாமுத்தூர் வீட்டுக்கு டேங்கையே மாற்றிக் கொடுத்தேன். ஆனால் அதற்கு முன் அனுப்பிய டேங்குகள் எல்லாம் எந்தெந்த வீட்டில் மாட்டியிருக்கிறதோ தெரியாது.


தாம்பரம் ரெண்டாவது மாடி

வடவள்ளி அண்ணா சொல்வது உள்ளே போகிற தண்ணீரைப் பற்றி. எங்கள் வீட்டில் நடந்தது அதே குழாய் வழியாக வெளியே வந்ததைப் பற்றி. காலையில் மாடித் தொட்டி காலி. அப்பா ஷவரைத் திறந்தார், தண்ணீர் வரவில்லை, மூடாமல் அப்படியே வந்துவிட்டார். கீசர் இரவெல்லாம் ஆனில் இருந்தது. அடுத்து அம்மா உள்ளே போய் ஹெல்த் ஃபாசெட்டை எடுத்தார். எங்கள் பாத்ரூமில் கீசருக்குப் போகும் லைனும் அந்த ஃபாசெட்டுக்குப் போகும் லைனும் ஒன்றே. அம்மா கத்திய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத வீட்டில் குழாயில் இருந்து ஆவி பறக்கும் தண்ணீர் எப்படி வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. தொடையில் கொப்புளம், மூன்று வாரம் அவரால் சரியாக உட்கார முடியவில்லை.

எனக்கு உறுத்துவது என்னவென்றால், அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அந்தப் பச்சைத் தண்ணீர்க் குழாய் கீசரில் இருந்து ஒரு முழம் தூரத்துக்கு வெதுவெதுப்பாக இருந்தது. துணி காயப்போடும்போது கை பட்டு கவனித்தேன், பக்கத்தில் கீசர் இருப்பதால் சுடுகிறது என்று விட்டுவிட்டேன்.


ஆவடி சர்வீஸ்

தாம்பரம் அம்மாவுக்கு நடந்தது நூற்றுக்கு நூறு என்ஆர்வி, அதாவது தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வின் பிரச்சினை, பிறகு வருகிறேன். முதலில் வடவள்ளி சாருக்கு. 17 வருஷமாக கீசர் சர்வீஸ் செய்கிறேன். 3 மில்லி துளை எல்லாம் உங்கள் ஊர் சிறுவாணித் தண்ணீரில் ஓடும் சார், எங்கள் ஏரியா போர் தண்ணீரில் ஓடாது. போன மாசம் அம்பத்தூரில் ஒரு வீடு, வெந்நீர் நூல் மாதிரி வருகிறது என்று கூப்பிட்டார்கள். காயில் மாட்டியிருக்கும் மூடியை, ஃப்ளாஞ்சைக் கழற்றினால் அடியில் ஒரு படி அளவுக்கு முட்டை ஓடு மாதிரி உப்புச் செதில், காயிலில் இருந்து உதிர்ந்தது. நீங்கள் சொன்ன அதே மாதிரி மூடி, துளை பாதிக்கு மேல் வெள்ளையாக அடைத்திருந்தது, மீதித் துளையில் உள்பக்கமாக மாடித் தொட்டியில் இருந்து வந்த பிவிசி சீவல் சிக்கியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தி எடுத்தேன், அந்த வீட்டுப் பெரியவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு துளையாக எண்ணினார்.

இன்னொன்று, 24 துளை போட்டேன் என்கிறீர்கள், அதைக் கூட்டினால் குழாயின் வாய் அளவுதான் வரும், வேகம் எங்கே குறைந்தது? திசைதான் மாறியிருக்கிறது.

இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கீசர் வாங்கினால் பெட்டிக்குள் கொடுக்கும் வால்வை பச்சைத் தண்ணீர் வாயில்தான் மாட்ட வேண்டும், வெந்நீர் வாயில் இல்லை. அந்த ஒரே வால்வுக்குள் இரண்டு வேலை: தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது, பிரஷர் ஏறினால் திறந்து விடுவது. வால்வு மேல் அம்புக்குறி இருக்கும், அது கீசரைப் பார்த்து இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை அதன் கைப்பிடியைத் தூக்கித் தண்ணீர் வருகிறதா பாருங்கள். பச்சைத் தண்ணீர் லைனில் கீசருக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்டாப் காக் வையுங்கள், ஆனால் வால்வுக்கும் கீசருக்கும் நடுவில் வைக்காதீர்கள், யாராவது அதை மூடிவிட்டால் பிரஷர் வெளியே போக வழியே இல்லை. பிவிசி போட்டிருந்தால் கீசர் பக்கத்துக் கடைசி மூன்று அடியாவது சூடு தாங்கும் சிபிவிசி போடுங்கள், சாதா பிவிசி சூட்டில் தொய்ந்துவிடும். தாம்பரம் தங்கச்சி, என்ஆர்வி சிக்கிப்போனால் ஷவர் வழியாகக் காற்று உள்ளே போகும், கீசர் முழுக்க அடி வாய் வழியாகக் கீழே இறங்கிவிடும். காலியான கீசரில் ஸ்விட்ச் ஆனில் இருந்தால் காயில் போச்சு. உங்கள் வீட்டுக் காயில் போயிருக்குமே, சொல்லவில்லையே?


வேளச்சேரி

எங்கள் வீட்டில் பிளம்பர் சிவப்பு நீலம் இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டார். வெந்நீர் எடுக்கும் உயரமான குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் மேலே போய் விழ, அடியில் இருந்து எடுத்தோம். இரண்டு வருஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தோம், இந்த மாடலே இப்படித்தான் என்று நினைத்து. வேறு வீடு மாறும்போது கழற்றியவர்தான் சொன்னார்.


எடிசன், நியூ ஜெர்சி

இங்கே தரையில் நிற்கும் ஆள் உயர ஹீட்டர், குழாய்கள் மேலிருந்து போகும். அதனால் பச்சைத் தண்ணீரை அடிவரை கொண்டுபோக உள்ளே நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்று தொங்கும், டிப் டியூப் என்பார்கள். நான் வந்த புதிதில், 1999 வாக்கில், நான்கு பேர் சேர்ந்து இருந்த அபார்ட்மென்ட். முதல் ஆள் குளித்து முடிப்பதற்குள் தண்ணீர் ஜில்லிட்டுவிடும், வெளியே பனி. ஷவர் தலையில் வெள்ளைத் துகள் அடைத்துக்கொண்டே இருந்தது. வந்த பிளம்பர் உப்புத் தண்ணீர் என்றார். என் அறைத்தோழர் வேதியியல் படித்தவர், துகளை ஒரு டம்ளர் வினிகரில் போட்டு வைத்தார். உப்பாக இருந்தால் நுரைத்துக் கரைந்திருக்க வேண்டும். மறுநாள் காலையும் அப்படியே மிதந்தது. அந்த டம்ளரைச் சுற்றி நாங்கள் நால்வரும் நின்ற காட்சிதான் எனக்கு ஞாபகம்.

டிப் டியூப் உள்ளேயே பொடிந்துபோயிருந்தது. 1993 முதல் 1996 வரை செய்த ஹீட்டர்களில் இந்தக் கோளாறு பரவலாக இருந்தது, பல கம்பெனிகள் ஒரே சப்ளையரிடம் வாங்கிய பாலிபுரொப்பிலின் குழாய், வெந்நீரில் தாங்கவில்லை, கோர்ட் வரை போனது. குழாய் உடைந்ததும் பச்சைத் தண்ணீர் மேலேயே விழுந்து வெந்நீரோடு கலந்து பக்கத்து வாய் வழியாக வெளியேறிவிடுகிறது, டேங்கில் இருக்கும் வெந்நீர் முழுதாக யாருக்கும் கிடைப்பதில்லை. அந்த டிப் டியூபின் மேல் முனைக்கு அருகே ஒரு சின்னத் துளை இருக்கும். லைனில் தண்ணீர் நின்றுபோனால் ஹீட்டர் முழுவதும் பின்னோக்கி உறிஞ்சப்படாமல் இருக்க அது காற்றை விடும். தாம்பரத்தில் நடந்ததைப் படித்ததும் அந்தத் துளைதான் நினைவுக்கு வந்தது.


கோத்தகிரி மருமகள்

ஆவடி அண்ணா வால்வு பற்றிச் சொன்னார்கள், எங்கள் கதை அதுதான். டிசம்பர், குழாய்த் தண்ணீர் கையை வெட்டும். கீசர் சூடாகும்போதெல்லாம் வால்வில் சொட்டும், மாமியார் அடியில் ஒரு சொம்பு வைத்திருப்பார். மாமாவுக்கு அந்தச் சொட்டு பிடிக்காது, தண்ணீர் வீணாகிறது, வால்வு கெட்டுவிட்டது என்று வாயில் ஸ்க்ரூ வைத்து எம்சீல் போட்டு அடைத்துவிட்டார். இரண்டு மாதம் ஒரு சொட்டும் இல்லை. பிறகு ஒரு விடியற்காலை, நான் அடுப்படியில் இருக்கிறேன், பாத்ரூமில் தகரத்தை உதைத்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் டேங்கின் அடி வெல்டு விட்டு, சுவர் முழுக்க வெந்நீர். என் மகன் தினமும் அந்த நேரத்தில்தான் முகம் கழுவுவான், அன்று தூங்கிவிட்டான். மாமா அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசவில்லை, சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.


வடவள்ளி பட்டறை

கோத்தகிரி அம்மா, படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. அந்தச் சொட்டு கோளாறு இல்லைங்க. 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியில் இருந்து 60க்குப் போனால் 350 மில்லி லிட்டர் பெருகும். என்ஆர்வி இருப்பதால் வந்த வழியே திரும்ப முடியாது, குழாய் எல்லாம் மூடியிருக்கிறது, அந்த 350 மில்லி எங்கேதான் போகும்? அந்தச் சொட்டு வரும்படிதான் வால்வையே செய்கிறார்கள். சூடாகாதபோதும் நிற்காமல் சொட்டினால் மட்டும் வால்வை மாற்றுங்கள். இதை மாமாவிடம் காட்டுங்கள், அவரைக் குறை சொல்வதற்காக இல்லை, டேங்க் விற்கும் எங்களில் பாதிப் பேர் இதை வாங்குகிறவரிடம் சொல்வதே இல்லை.

ஆவடி அண்ணனுக்கு: துளைக் கணக்கு நீங்கள் சொன்னது சரி. நான் ஊதா நிறம் படுத்துக்கொண்டதைப் பார்த்த சந்தோஷத்தில் கூட்டிப் பார்க்கவில்லை. உங்கள் பதிவைப் படித்த அன்றே லேத்தில் உட்கார்ந்தேன். மூடியை விட்டுவிட்டு, நிப்பிள் வாய்க்கு நேர் மேலே 60 மில்லி விட்டத்தில் ஸ்டீல் தட்டு ஒன்றை மூன்று காலில் நிறுத்தினேன், இடைவெளி 6 மில்லி. சுற்றி வர 11 சதுர சென்டிமீட்டர் வழி கிடைக்கிறது, குழாயின் வாயைப் போல ஆறு மடங்கு. 75 சென்டிமீட்டர் வேகம் 12க்கு வந்துவிடுகிறது. 6 மில்லி இடைவெளியில் செதில் வந்தாலும் ஃப்ளாஞ்ச் வழியாக விரல் விட்டே தள்ளிவிடலாம். ஊதாத் தண்ணீர் சோதனையில் இது மூடியை விட நன்றாகவே படுத்தது. ஆனால் பிரஷர் பம்ப் போட்டு நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டுப் பார்த்தேன், ஓரத்தில் லேசாகப் புரண்டு எழும்புகிறது. தட்டின் விளிம்பைக் கொஞ்சம் கீழே மடக்கினால் சரியாகுமா என்று பார்க்க வேண்டும். உங்கள் ஏரியாத் தண்ணீரில் ஒரு வருஷம் ஓட்டிப் பார்க்க ஒரு டேங்க் அனுப்பட்டுமா? காசு வேண்டாம்.


ஆவடி சர்வீஸ்

அனுப்புங்கள் சார். என் வீட்டிலேயே மாட்டுகிறேன், எங்கள் போர் தண்ணீரைவிட மோசமான தண்ணீர் வேறு எங்கும் கிடைக்காது. விளிம்பை மடக்காதீர்கள், மடிப்புக்குள் செதில் தங்கும், தட்டைப் பெரிதாக்குங்கள்.


தாம்பரம் ரெண்டாவது மாடி

ஆவடி அண்ணா, ஆமாம், காயிலும் போய்விட்டது, அம்மா பட்ட பாட்டில் அதைச் சொல்லத் தோன்றவில்லை. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுப் பழைய வால்வைப் பிரித்துப் பார்த்தோம். வாஷருக்கும் அது போய் உட்காரும் வளையத்துக்கும் நடுவில் அரிசி அளவு ஒரு வெள்ளைச் சில்லு குறுக்கே நின்றது, அதனால் வால்வு பாதி திறந்தபடியே இருந்திருக்கிறது. புது வால்வு மாட்டி, ஃபாசெட் லைனைத் தனியாகப் பிரித்துவிட்டோம். குழாயைத் தினமும் தொட்டுப் பார்க்கிறேன், ஜில்லென்று இருக்கிறது. அம்மா மட்டும் இன்னும் அந்த ஃபாசெட்டைத் தொடுவதில்லை, ஒரு வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்து, அதிலும் முதலில் விரல் நுனியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மொண்டு ஊற்றுகிறார்.