மறு: 'கொன்ட்ரோல்' எல்லாமே கட்டுப்பாடுதானா?

வணக்கம்.

'கொன்ட்ரோல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று மூன்று நாளாக எல்லோரும் எழுதிய மடல்களைப் படித்துவிட்டுச் சும்மாதான் இருந்தேன். நேற்று வந்த இந்த வரியைப் பார்த்த பிறகு முடியவில்லை:

> கட்டுப்பாடு என்று ஒரு நல்ல சொல் கையில் இருக்கும்போது ஏன் புதிதாகத் தேடி அலைய வேண்டும்?

அலைவதற்குக் காரணம் இருக்கிறது ஐயா. கொழும்பில் ஒரு டிப்ளோமா வகுப்புக்கு இப்போது தமிழில் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி முகாமைத்துவம், பாதி தொழிற்சாலை இயந்திரங்களின் தன்னியக்கம். இரண்டு பாதியிலும் 'கொன்ட்ரோல் சிஸ்டம்' என்று ஓர் அத்தியாயம் வருகிறது. அதைக் 'கட்டுப்பாட்டுத் தொகுதி' என்று பலகையில் எழுதியதும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டான், "சேர், அப்ப இது எதைத் தடுக்குது?"

அவனில் பிழையில்லை. இந்த ஊரில் அந்தச் சொல் காதில் விழுவது அப்படித்தான். 1969ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதற்கென்று ஒரு திணைக்களம், 2020இல் வாகன இறக்குமதி நின்றுபோனது, அரிசிக்கும் முட்டைக்கும் அவ்வப்போது வந்த கட்டுப்பாட்டு விலை, எல்லாமே 'இதற்கு மேல் போகாதே' என்று சொல்கிற கட்டுப்பாடுகள். சொல்லின் வேரே கட்டுத்தானே.

ஆனால் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கிக்குள் இருக்கும் மிதவையைப் பாருங்கள். மட்டம் இறங்கினால் அது திறக்கிறது, ஏறினால் மூடுகிறது. தடுப்பதும் விடுவதும் அதற்கு ஒன்றுதான், மட்டம் நினைத்த இடத்தில் நின்றால் போதும். அளக்கிறது, இருக்க வேண்டியதோடு ஒப்பிடுகிறது, வித்தியாசத்துக்கு ஏற்பத் திருத்துகிறது, பிறகு திரும்பவும் அளக்கிறது. இதற்கு நேரெதிர் எங்கள் வீட்டு மின்விசிறி ரெகுலேற்றர். மூன்றில் வைத்தால் மழையோ வெயிலோ மூன்றிலேயே சுற்றும், அறை எவ்வளவு சூடு என்று அதற்குத் தெரியவே தெரியாது. உயர்தர பௌதிகத்தில் திறந்த தடம் (விளைவைப் பார்க்காமல் ஓடுவது), மூடிய தடம் (விளைவை அளந்து திருத்திக்கொள்வது) என்று படித்தோமே, அந்த வித்தியாசம்தான் இது. பெயரில் ரெகுலேற்றர் என்று இருந்து என்ன பயன்!

ஆங்கிலத்திலும் அந்தச் சொல் தடுப்பதாகத் தொடங்கவில்லை. இடைக்கால இலத்தீனில் 'கொன்ட்ரா ரொட்டுலஸ்', எதிர்ச்சுருள். கணக்குச் சுருளுக்கு இன்னொரு பிரதி வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. ஆக, கணக்காளர்கள்தான் சொல்லுக்கு முதல் சொந்தக்காரர்கள், இயந்திரக்காரர்கள் பிறகு வந்தவர்கள். ஜேம்ஸ் வாட் 1788இல் நீராவி இயந்திரத்தின் வேகத்தைச் சீராக வைக்கப் பொருத்திய சுழல்குண்டுக் கருவிக்குப் பெயர் 'கவர்னர்', 1868இல் பௌதிகர் மக்ஸ்வெல் அவற்றின் கணிதத்தை எழுதியபோதும் அதே பெயர்தான். 1948இல் கணித அறிஞர் நோர்பர்ட் வீனர் தன் துறைக்குச் 'சைபர்னெட்டிக்ஸ்' என்று பெயர் வைத்தபோது சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்தார், கவர்னர் என்ற சொல்லும் அதே வேர்தான். ஒப்பிடுதல், சுக்கான் பிடித்தல். கட்டிப்போடுதல் எங்கேயும் இல்லை.

முகாமைத்துவத்துக்கு ஒரு சொல், பொறியியலுக்கு வேறொரு சொல் என்று பிரித்துவிடலாம் என்று கண்டியிலிருந்து அக்கா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் இரண்டு இடத்திலும் நோய் ஒன்றுதான். நுவரெலியாவில் ஏதாவது விடுதியில் குளித்திருக்கிறீர்களா? சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் உடனே சூடு வராது, இன்னும் திறப்போம், வராது, இன்னும் கொஞ்சம், பிறகு தோல் உரிகிற மாதிரி வரும், பயந்து அடைப்போம், அரை நிமிடத்தில் பனிக்கட்டி. அளவீடு பிந்தி வந்தால் திருத்தம் கூடிப்போகும், தொகுதி ஆடும். நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில் பாதீட்டுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் அறிக்கை மூன்று மாதம் கழித்துத்தான் மேசைக்கு வரும். தை மாதச் செலவைப் பார்த்துச் சித்திரையில் கொள்வனவை நிறுத்துவார்கள், ஆனியில் களஞ்சியம் வெறுமை, ஆடியில் இரட்டிப்பாக வாங்குவார்கள். அதே சுடுதண்ணீர்க் குழாய்தான், குளிப்பவர்தான் கணக்காளர். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் இதை வகுப்பில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

சரி, எந்தச் சொல்? 'செலுத்துகை' எனக்குப் பிடித்திருந்தது, படகு செலுத்துவது மாதிரி. ஆனால் நிதிப் பிரிவில் அந்தப் பெயரைக் கேட்டால் காசோலையோடு வந்து நிற்பார்கள். 'ஆளுகை' கவர்னன்ஸ் என்ற வேறு வேலைக்குப் போய்விட்டது. சுக்கானை வைத்து இரண்டு மூன்று சொல் செய்து பார்த்தேன், மனைவி சிரித்த சிரிப்பில் கைவிட்டேன்.

என் முன்மொழிவு: நெறியாள்கை.

உடனே இலங்கை நண்பர்கள், அது நாடகக்காரர்களின் சொல் என்பீர்கள். ஆம், அதனால்தான் எடுத்தேன். நெறியாளர் ஒத்திகையில் என்ன செய்கிறார்? மனதில் ஒரு காட்சியை வைத்துக்கொண்டு மேடையில் நடப்பதைப் பார்க்கிறார், ஒப்பிடுகிறார், திருத்துகிறார், திரும்ப ஆடச் சொல்கிறார். இதைவிட நல்ல மூடிய தடம் கிடைக்குமா? ஆளுக்கு நெறியாளர், கருவிக்கு நெறியாளி. எங்கள் பாடநூல்களில் ஆளி என்றால் சுவிட்ச், அதனால் மாணவர்களுக்கு 'நெறியாளி' ஒரு கருவியாகவே கேட்கும். சென்னை நண்பருக்குத் தொலைக்காட்சி நெறியாளர் நினைவு வரும் என்பது தெரியும், கருவிக்கு 'ளி' இருப்பதால் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். 'சிஸ்டம்' என்பதற்குத் தொகுதியா முறைமையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இங்கே தொகுதி, அங்கே என்ன சௌகரியமோ அது.

கட்டுப்பாட்டைத் தூக்கி எறியச் சொல்லவும் இல்லை. கணக்காய்வில் 'உள்ளகக் கட்டுப்பாடு' வேரூன்றிவிட்டது, தவிர, அங்கே ஒரே ஆள் காசோலை எழுதிக் கையொப்பமும் வைக்காமல் உண்மையாகவே தடுக்கிறார்கள்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்றுதான். உற்பத்தித் தரத்தைக் கண்காணிக்க 1924இல் புள்ளியியலாளர் ஷூவார்ட் வரைந்தாரே, 'கொன்ட்ரோல் சார்ட்', அதற்கு என்ன சொல்வது? சராசரிக்கு மேலும் கீழும் மூன்று நியம விலகல் (அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) தூரத்தில் கோடு போட்டு, புள்ளிகள் அதற்குள் இயல்பாகச் சிதறிக் கிடக்கும்வரை இயந்திரத்தில் கைவைக்காதே என்று சொல்கிற படம். கைவைத்தால்தான் பொருள் கெடும். இது தடுப்பதும் இல்லை, சுக்கான் பிடிப்பதும் இல்லை, என் சொல்லும் இங்கே பொருந்தவில்லை, ஐயாவின் சொல்லும் பொருந்தவில்லை. வெள்ளிக்கிழமை குறிப்பைப் போட்டோக்கொப்பிக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் யாராவது ஒரு சொல் தந்தால் புண்ணியம், இல்லாவிட்டால் 'ஷூவார்ட் படம்' என்று எழுதித் தப்பிவிடுவேன்.