அவசரம்: ஸ்கிராப்புக் பக்கத்தில் போட்டோ மை கரைகிறது, தாளும் வளைகிறது

அலைநுரை:
வணக்கம். விடுமுறையில் ஒரு நாள் எங்கேயும் சுற்றாமல் கடற்கரையிலேயே படுத்துக் கிடந்தோம். அந்த நாளுக்காக ஸ்கிராப்புக்கில் (நினைவுப் பொருட்களை ஒட்டிவைக்கும் ஆல்பம்) ஒரு மிக்ஸட் மீடியா பக்கம், அதாவது பெயிண்ட், போட்டோ, பொருட்கள் எல்லாம் கலந்த பக்கம் செய்கிறேன். வெள்ளை பூசி, மேலே நீலம் கரைத்துவிட்டு, காய்ந்த பிறகு போட்டோ ஒட்டினேன். போட்டோ மேல் பசை தடவியதும் வானம் முழுக்க ஊதாவாக வழிந்துவிட்டது, தாளும் படகு மாதிரி வளைந்து நிற்கிறது. கையில் இன்னும் ஒரே ஒரு பிரிண்ட்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் கொடுக்கணும், சீக்கிரம் சொல்லுங்கள்.

காகிதக்கிளி:
இங்க்ஜெட் பிரிண்டா, லேசரா, ஸ்டுடியோவில் போட்டதா? தாள் எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்)? வெள்ளை என்றால் கெஸ்ஸோவா (பெயிண்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு), சாதாரண அக்ரிலிக் பெயிண்டா? என்ன பசை? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

மைத்துளி:
கேட்கவே வேண்டாம், இங்க்ஜெட்தான். வீட்டு பிரிண்டர்கள் பலவற்றில் இருப்பது சாய மை, தண்ணீர் பட்டால் கரையும். நீங்கள் தடவிய பசையில் நிறையத் தண்ணீர் இருக்கும். நிறமி மை, அதாவது கரையாத நிறத்தூள் கலந்த மை, கொஞ்சம் தாங்கும். அந்த ஒரு பிரிண்டை அப்படியே ஸ்கேன் செய்து லேசரில் நகல் எடுங்கள். லேசர் டோனர் பிளாஸ்டிக் தூள், சூட்டில் தாளோடு உருகிப் பிடித்துக்கொள்ளும், ஈரப் பசைக்கு அசையாது. நிறம் கொஞ்சம் மங்கலாக வரும், ஆனால் ஓய்வான நாளுக்கு அந்த மங்கலே பொருத்தம் என்பேன்.

இலைச்சருகு:
நகல் எதற்கு? ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே (மையைப் பிடித்து நிறுத்தும் பூச்சு) மெல்லிசாக அடித்துக் காயவிட்டு, திரும்பவும் அடித்துவிட்டு ஒட்டினால் போதும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

பழையஆல்பம்:
மாதம் தவறாமல் இதே கேள்வி வருகிறது. ஒரு துண்டுத் தாளில் பசையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அசல் போட்டோவில் கை வைக்க வேண்டும், இது முதல் பாடம். வளைவுக்குக் காரணமும் ரகசியம் இல்லை. ஈரம் பட்டால் தாளின் நார் உப்பும், காயும்போது சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் அக்ரிலிக் படலம் இருந்தால் அந்தப் பக்கமாக இழுக்கும். பின்பக்கமும் அதே கெஸ்ஸோவை மெல்லிசாகப் பூசி, முழுக்கக் காய்ந்த பிறகு இரண்டு பேக்கிங் தாளுக்கு (கேக் சுடும்போது விரிக்கும் ஒட்டாத தாள்) நடுவே வைத்து கனமான புத்தகங்களை அடுக்குங்கள். அடுத்த முறை 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாளில் தொடங்குங்கள், இத்தனை கேள்விக்கு வேலை இருக்காது.

காகிதக்கிளி:
அண்ணா, புதிதாகச் செய்கிறவர்களிடம் இந்தத் தோரணை வேண்டாமே. பதில் சரியாகத்தான் இருக்கிறது.

அலைநுரை:
இங்க்ஜெட்தான். தாள் கார்டு மாதிரி கெட்டியாக இருக்கும், எத்தனை ஜிஎஸ்எம் என்று பாக்கெட்டில் போடவில்லை. கெஸ்ஸோதான் பூசினேன். இன்னும் படகு டிக்கெட்டும், கொஞ்சம் மணலும் ஒட்டணும். டிக்கெட் பளபளப்பான மெல்லிய தாள், ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) காட்டி சீக்கிரம் காயவைக்கலாமா?

மைத்துளி:
ஐயோ, ஹீட் கன்னை எடுக்காதீர்கள்! டிக்கெட் தெர்மல் தாள் (சூட்டால் எழுத்து பதியும் தாள்) போலிருக்கிறது, சூடு பட்டால் முழுக்கக் கறுத்துவிடும். சூடே படாவிட்டாலும் நாளடைவில் எழுத்து வெளுக்கும், சில பசைகள் அதை இன்னும் சீக்கிரம் செய்யும். ஓரத்தில் நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் தெர்மல்தான். அதையும் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

இலைச்சருகு:
எல்லாவற்றையும் நகல் எடுத்து ஒட்டினால் அதில் அந்த நாள் எங்கே இருக்கிறது? அம்மா கையில் பிடித்திருந்த டிக்கெட், அந்த மடிப்போடு பக்கத்தில் இருக்கணும். மங்கினால் மங்கட்டும்.

பழையஆல்பம்:
பத்து வருஷம் கழித்து வெறும் வெள்ளைத் தாளைக் காட்டி இதுதான் டிக்கெட் என்பீர்களா? அசலை ஆசிட் இல்லாத, பிவிசி பிளாஸ்டிக் இல்லாத உறையில் போட்டுப் பக்கத்தின் பின்னால் செருகுங்கள், நகல் முன்னால் இருக்கட்டும்.

இலைச்சருகு:
உறைக்குள் போட்டு மூடி வைப்பதற்கு ஸ்கிராப்புக் எதற்கு, அலமாரி போதுமே. தொட்டுப் பார்க்கத்தானே மிக்ஸட் மீடியா?

காகிதக்கிளி:
இரண்டு பேரும் அதைத் தனி இழையில் பேசுங்கள், அவருக்கு ஞாயிறு வரைதான் நேரம். அலைநுரை, மணலை நல்ல தண்ணீரில் பலமுறை அலசி முழுக்கக் காயவிடுங்கள். கடல் மணலில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கெட்டியான ஜெல் மீடியத்தை (பசை போல ஒட்டும் அக்ரிலிக் கூழ்) ஒரு மூலையில் மட்டும் தடவி அதன் மேல் தூவுங்கள், காய்ந்ததும் ஒட்டாததைத் தட்டிவிடுங்கள். போட்டோவுக்கு அருகில் வேண்டாம், கீறல் விழும். எடை வைத்து வளைவை எடுத்த பிறகு மணலைக் கடைசியாகச் செய்யுங்கள். ஒரு யோசனை, நீலத்தை முழுப் பக்கமும் நிரப்பாமல் பாதியை வெறுமையாக விடுங்கள். சும்மா இருந்த நாளுக்குக் காலி இடம் வேண்டும்.

அலைநுரை:
லேசர் நகல் ஒட்டினேன், கரையவில்லை. பின்பக்கமும் பூசிப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது, வளைவு பாதி போய்விட்டது. டிக்கெட்டில் கறுப்புக் கோடு விழுந்தது. மணல் நாளைக்கு. எல்லாருக்கும் நன்றி.

இலைச்சருகு:
டிக்கெட் அசலா, நகலா? அதைச் சொல்லவே இல்லையே.