இணையக்கடையும் இரவுத் தூக்கமும்: கோலாலம்பூர், பினாங்கு வியாபாரிகளின் அனுபவப் பகிர்வு

பிரிக்பீல்ட்ஸ், புடவை

கடை திறக்கும் முன்பு லோகோவுக்கும் நிறத்துக்கும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறோம். திறந்த பிறகு தூக்கத்தைக் கெடுப்பது வேறு. "கூரியர் எவ்வளவு?", "சபாவுக்கு அனுப்புவீங்களா?", "ரவிக்கைத் துணி உண்டா?" என்று இரவு 11 மணிக்கும் வாட்ஸ்அப் அடிக்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்வி என்றால், கடைப் பக்கத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். ஒரு வாரம் வரும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிவையுங்கள். மூன்று முறை வந்துவிட்டால் அதன் பதிலை விலைக்கு நேர் கீழே போட்டுவிடுங்கள். தனியாகக் கேள்வி பதில் பக்கம் வைத்தால் அங்கே யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

புடவை என்றால் நீளம் 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி 0.8 மீட்டர் அதோடு சேர்ந்ததா தனியா, பார்டர் எத்தனை அங்குலம், வீட்டில் துவைக்கலாமா என்பதெல்லாம் இருக்க வேண்டும். படம் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் எடுத்ததாக இருக்கட்டும். டியூப்லைட்டில் மெரூன் பழுப்பாகத் தெரியும், பிறகு "படத்துல வேற கலர்" என்று புடவை திரும்பி வரும்.

முதலில் 20 பொருள் போதும். நாலு படம், அளவு, எடை, கையிருப்பு என்று ஒரு பொருளை ஒழுங்காக ஏற்ற அரை மணி பிடிக்கும். 20 பொருளுக்கு 10 மணி நேரம், 200 பொருளுக்கு 100 மணி நேரம். பாதியிலேயே சோர்ந்துபோவது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

ஜார்ஜ் டவுன், மசாலாப் பொடி

அக்கா சொல்வது சரி. நான் முகவரிப் படிவத்துக்கு வருகிறேன், கைக்கு வந்த ஆர்டர் நழுவுவது அங்கேதான். வெளிநாட்டில் செய்த கடைத்தள வார்ப்புருக்களில் முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டும் கட்டாயமாக இருக்கும். நம்மில் எத்தனை பேருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? அடையாள அட்டையில் உள்ளபடி ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) போட்டு அடித்தால், நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோட்டைச் சில படிவங்கள் ஏற்காமல் சிவப்பில் காட்டும். எது தவறு என்றும் சொல்லாது. வாங்க வந்த அம்மா இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டு மூடிவிடுவார். ஆகவே 'முழுப் பெயர்' என்று ஒரே கட்டம், எந்தக் குறியையும் ஏற்கும்படி.

கைப்பேசி எண்ணை 012 என்று தொடங்கினாலும், 6012 என்று தொடங்கினாலும், நடுவில் கோடு போட்டாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதைச் சீர்ப்படுத்துவது மென்பொருளின் வேலை, வாங்குபவரின் வேலையல்ல. அஞ்சல் குறியீடு 5 இலக்கம் என்பதால் அங்கே எண் பலகைதான் எழ வேண்டும். 10200 என்று அடித்ததும் மாநிலம் பினாங்கு என்று தானாக விழட்டும். கட்டங்களில் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனில் தொட்டவுடன் திரை பெரிதாகி, வலது பக்கம் காணாமல் போகும். கணக்குத் திறந்தால்தான் வாங்கலாம் என்ற கட்டாயத்தை எடுத்துவிடுங்கள்.

பத்துமலை, பூஜைப் பொருள்

பணம் வங்கியில் கழிந்துவிட்டது, நம் பக்கத்தில் ஆர்டர் 'நிலுவை' என்றே நிற்கிறது. ஒரு மணி நேரத்தில் தானாக ரத்தும் ஆகிவிடுகிறது. வாடிக்கையாளர் ஏமாற்றிவிட்டோம் என்று நினைக்கிறார். இதற்கு என்ன வழி?

செந்தூல், தளம் கட்டித் தருபவர்

அண்ணே, எஃப்பிஎக்ஸில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து இணையம் வழி நேராகக் கட்டும் முறையில், பணம் கட்டியதும் இரண்டு செய்திகள் கிளம்பும். ஒன்று, வாங்குபவரின் உலாவியை உங்கள் 'நன்றி' பக்கத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது. இன்னொன்று, கட்டண நிறுவனத்தின் சேவையகம் உங்கள் சேவையகத்துக்கு நேராக அனுப்பும் கால்பேக். பலர் வங்கித் திரையில் 'வெற்றி' என்று பார்த்ததுமே ஜன்னலை மூடிவிடுவார்கள், அப்போது முதல் செய்தி வந்து சேராது. உங்கள் தளம் அதை மட்டும் நம்பியிருந்தால் ஆர்டர் நிலுவையில்தான் நிற்கும். கால்பேக் முகவரியைக் கட்டண நிறுவனத்தின் அமைப்பில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டும் வரவில்லை என்றால் தளத்தில் சேர்த்திருக்கும் பாதுகாப்புச் செருகுநிரலோ ஃபயர்வாலோ அதைத் தடுக்கக்கூடும்.

ஒரு மணி நேர ரத்துக்குக் காரணம், வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளில் பணம் வரும்வரை இருப்பைப் பிடித்துவைக்கும் நேரம், அது 60 நிமிடமாகவே வரும். கால்பேக் சரியாகும்வரை அதை நீட்டிவையுங்கள். 2 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு சோதனைப் பொருள் போட்டு, உண்மையான வங்கிக் கணக்கில் பணம் கட்டி, வேண்டுமென்றே ஜன்னலை மூடிப் பாருங்கள். ஆர்டர் 'செயலில்' என்று மாறினால் கால்பேக் வேலை செய்கிறது.

பட்டர்வொர்த், பலகாரமும் ஊறுகாயும்

கூரியர் கட்டணத்தைக் கடைசிப் பக்கம்வரை மறைக்காதீர்கள். 2012-இல் வந்த மின்வணிக விதிமுறைகளே விற்பவர் பெயர், பதிவு எண், தொடர்பு, பொருள் விவரம், அனுப்பும் செலவு சேர்த்த முழு விலை, பணம் கட்டும் வழி, நிபந்தனைகள், வந்து சேரும் நாள் எல்லாவற்றையும் காட்டச் சொன்னவை. தீபகற்பத்துக்கு ஒரு கட்டணம், சபா சரவாக்குக்கு ஒரு கட்டணம் என்று பொருள் பக்கத்திலேயே போட்டால் பாதிக் கேள்வி நின்றுவிடும்.

அந்தக் கட்டணத்தை முடிவு செய்யும் முன் பெட்டியை அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்துப் பல கூரியர்கள் எடை போடுகின்றன, அது உண்மை எடையைவிடக் கூடினால் அதற்கே காசு. 35, 28, 8 அளவுள்ள அட்டைப்பெட்டி 1.57 கிலோவாகிவிடும், உள்ளே 800 கிராம் முறுக்குதான் இருந்தாலும். புடவையைத் தட்டையான பையில் 30, 25, 3 அளவில் மடித்தால் கணக்கு 0.45 கிலோதான், அப்போது உண்மை எடைக்கே காசு கொடுப்பீர்கள். முறுக்குக்கு அது ஆகாது, நொறுங்கிவிடும். அதற்கு டப்பாவை ஒட்டினாற்போன்ற சின்னப் பெட்டி தேடுங்கள். ஊறுகாய்ப் புட்டிக்கு மூடியின் உள்ளே சீல், வெளியே டேப், அதன்மேல் தனியாக ஒரு பிளாஸ்டிக் பை. எண்ணெய் கசிந்தால் நம் பொட்டலம் மட்டுமா, பக்கத்துப் பொட்டலமும் போச்சு.

பிரிக்பீல்ட்ஸ், புடவை

நேரக்கட்டுப்பாட்டையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்: "காலை 11 மணிக்குள் வந்த ஆர்டர் அன்றே கிளம்பும்." வாட்ஸ்அப் பிஸ்னஸில் இரவு 8 மணிக்குமேல் தானியங்கிப் பதில், அதில் பார்சல் தேடும் இணைப்பு. தீபாவளிக்குக் கடைசி ஆர்டர் தேதியைச் சபா சரவாக்குக்கு ஒரு வாரம் முன்னதாகவே வைத்து, முகப்பின் உச்சியில் போட்டுவிடுங்கள். ஷாப்பி என்ற இணையச் சந்தையிலும் விற்கிறீர்கள் என்றால், கடைசி ஒரு புடவை இருக்கும்போது இரண்டில் ஒரு தளத்தில் அதன் விற்பனையை மூடிவிடுவது நல்லது. ஒரே புடவை இரண்டு பேருக்கு விற்றுப்போனால் அதைச் சமாதானப்படுத்த ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

ஜார்ஜ் டவுன், மசாலாப் பொடி

திறப்பதற்கு முதல் நாள், இணையத்தில் அவ்வளவாக வாங்கிப் பழகாத பெரியம்மா யாரிடமாவது போனைக் கொடுத்து, "250 கிராம் மீன் மசாலா வாங்குங்க பெரியம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். வைஃபை வேண்டாம், அவருடைய டேட்டாவிலேயே. வாய் திறக்காமல் அவர் கட்டைவிரலைப் பாருங்கள். விரல் எங்கெல்லாம் தயங்கி நிற்கிறதோ அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, அன்றிரவே அவற்றை மட்டும் திருத்துங்கள்.