டிராவல் ட்ரெய்லர் ஆட்டம் ரோட்டுல தொடங்குறதில்ல, லோடு ஏத்தும்போதே தொடங்குது

"கார் 2,270 கிலோ இழுக்கும்னு போட்டிருக்கு, ட்ரெய்லர் 1,800 கிலோதான், தாராளமா போதும்ல?"ன்னு கேட்டிருந்தீங்க. டிராவல் ட்ரெய்லர்னா காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போய் தங்குற வீட்டு வண்டி. ஆட்டம்னா அது ரோட்டுல இடமும் வலமுமா ஆடுறது. நான் வெளிநாடு வந்த முதல் கோடையில இதே கணக்கைப் போட்டுட்டுத்தான் கிளம்பினேன்.

அந்த 1,800 காலி எடைங்க. தண்ணி டேங்க் 150 லிட்டர்னா அதுவே 150 கிலோ. கேஸ் சிலிண்டர், பாத்திரம், படுக்கை, நாற்காலின்னு ஏறினா 2,150 சாதாரணமா வந்துடும். அதுல 10லேருந்து 15 சதவீதம் ஹிட்ச் பந்து (ட்ரெய்லரை மாட்ட கார் பின்னாடி இருக்கிற இரும்புக் குண்டு) மேல அழுத்தணும். இது அமெரிக்கா, கனடா ட்ரெய்லர் கணக்கு. ஐரோப்பா கேரவனுக்கு 5லேருந்து 7 சொல்வாங்க. 12ன்னு வெச்சாலே 258 கிலோ, அத்தனையும் காரோட முதுகுல. டிரைவர் கதவைத் திறந்தா ஆள், சாமான் சேர்த்து எவ்வளவு ஏத்தலாம்னு ஸ்டிக்கர் இருக்கும். அதுல 550ன்னு இருந்தா, இந்த 258 போக, நாலு பேருக்கு 270 போக, மிச்சம் 22 கிலோ. ரெண்டு பெட்டியோட சரி. ஹிட்ச் எவ்வளவு அழுத்தம் தாங்கும்னும் தனியா போட்டிருக்கும், அதையும் பாருங்க. எல்லாம் ஏத்தின பிறகு லாரி எடைமேடையில ஒரு தடவை நிறுத்திப் பாத்துட்டா சந்தேகமே இல்ல.

நான் பண்ண தப்பு வேற. நாலு சைக்கிளைப் பின்னாடி மாட்டி, தண்ணி கேனையும் கடைசி மூலையில அடுக்கிட்டேன். முன்பக்கம் லேசாயிடுச்சு. 100ல போகும்போது ஒரு பெரிய லாரி பக்கத்துல தாண்டுச்சு. இடது கண்ணாடியில ட்ரெய்லரோட வெள்ளைச் சுவர் எட்டிப் பாத்துட்டு மறையுது. அடுத்த நொடி வலது கண்ணாடியில. பயத்துல கார் பிரேக்கை ஓங்கி மிதிச்சேன், ஆட்டம் இன்னும் பெருசாச்சு. பின்னாடி வண்டி எதுவும் வராததால தப்பிச்சோம்.

அப்போ செய்ய வேண்டியது: ஆக்சிலரேட்டர்லேருந்து காலை எடுங்க, ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க, எதிர்ப்பக்கம் வெட்டி வெட்டித் திருப்பாதீங்க. ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் (கார்ல உக்காந்தே ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போடுற லீவர்) இருந்தா அதை மட்டும் கையால மெல்ல அழுத்துங்க. வேகத்தைக் கூட்டினா நேராயிடும்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. அந்த லீவர் எங்க இருக்குன்னு தேடுற நேரம் அது இல்ல. நான் இப்பெல்லாம் கிளம்பும் முன்னாடியே ஒருமுறை தொட்டுப் பாத்துக்குவேன். அடுத்த பயணத்துல கனமான சாமானெல்லாம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி, தரையோட தரையா வெச்சேன். அதே கார், அதே ட்ரெய்லர், லாரி தாண்டினா லேசா ஒரு தள்ளு, அவ்வளவுதான்.

மாட்டும்போது பந்து அளவும் கப்ளர் (பந்து மேல உக்கார்ற ட்ரெய்லர் மூக்கு) அளவும் ஒண்ணான்னு பாருங்க. 2 அங்குலப் பந்து மேல 2 5/16 அங்குலக் கப்ளர் ஒழுங்கா உக்காந்த மாதிரியே இருக்கும், ஒரு மேட்டுல கழண்டுடும். பூட்டி பின் போட்ட பிறகு ட்ரெய்லர் முன்பக்க ஜாக்கியைக் கொஞ்சம் உயர்த்துங்க. காரோட பின்பக்கமும் கூடவே எழும்பினா சரி. பாதுகாப்புச் சங்கிலி ரெண்டையும் கப்ளருக்குக் கீழ குறுக்கா மாட்டணும். பிரேக்அவே கம்பியை (ட்ரெய்லர் கழண்டா அதோட பிரேக்கைத் தானா போட வைக்கிறது) சங்கிலியில கோக்காதீங்க, கார்ல தனியா மாட்டுங்க.

ட்ரெய்லர் டயர் நிறைய 105 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் செஞ்சது, ரோட்டுல அதுக்கு மேல அனுமதி இருந்தாலும். இறக்கத்துல சின்ன கியர். லைசென்ஸ், இன்சூரன்ஸ் விதி நாட்டுக்கு நாடு மாறும், முதல்லயே பாத்துடுங்க.

ரிவர்ஸுக்கு ஒரு காலி மைதானம் போதும். ஸ்டீயரிங்கோட அடிப்பக்கத்துல கை வையுங்க. கை போற பக்கமே ட்ரெய்லர் பின்பக்கமும் போகும். பின்னாடி நின்னு வழி சொல்றவங்க கண்ணாடியில தெரியலைன்னா உடனே நிறுத்துங்க. (கணவன் மனைவி சண்டையில பாதி இங்கதான் வருது.)

கிளம்பி 80 கிலோமீட்டர்ல ஒரு நிறுத்தம் போட்டு, சக்கர நட்டையெல்லாம் டார்க் ரெஞ்ச் (சரியான அளவு இறுக்கம் காட்டுற ஸ்பானர்) வெச்சு மறுபடி பாருங்க. முதல் தடவை எனக்கு ரெண்டு நட்டு கால் சுத்து திரும்புச்சு.