ஓரங்கட்டப்பட்ட ஆட்டக்காரர்களும் அணிச் செயலாளர்களும்: நேரில் சந்தித்தவர்களின் அனுபவங்கள்

குன்னூர் உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். கால்பந்து அணியில் இடம் இழந்த ஆட்டக்காரர்களையும் அவர்களை ஒதுக்கிய நிர்வாகிகளையும் பற்றி நாம் எல்லோரும் கடுமையாகவே பேசி வருகிறோம். நானும் அதில் குறை வைத்ததில்லை. அப்படி நாம் ஏசிய ஒருவரை நேரில் சந்தித்துப் பேச நேர்ந்தவர்கள், அதன் பிறகு தங்கள் எண்ணம் மாறியதா, அப்படியே நின்றதா என்பதை மறைக்காமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்பவன் முதலில் சொல்வதே முறை என்பதால் நானே தொடங்குகிறேன்.

2016 ஆகஸ்ட் மாதம் எங்கள் பக்கத்து ஊர் அணிகளுக்கிடையே நடந்த போட்டியின் அரையிறுதியில் எங்கள் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்து மைதானத்தை மூடியது. நீலகிரியில் பந்தாடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுக்கோட்டில் நிற்பவருக்கு இரண்டு பக்கத்துக் கம்பங்களும் தெரியாது. ஆனால் கோட்டோரம் நிற்கும் நமக்கு, பக்கத்தில் ஓடுகிறவர் தெரிவதால், ஆட்டம் ஒழுங்காக நடப்பதாகவே தோன்றும். அந்த நேரத்தில் தொலைவிலிருந்து உதைக்கப்பட்ட வேகமில்லாத ஒரு பந்து, எங்கள் கோல்கீப்பரின் இடது காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே உருண்டு உள்ளே போனது. பெனால்டியில் தோற்றோம். மைதானத்திலிருந்து பேருந்து நிறுத்தம் வரை அந்தப் பையனைப் பின்தொடர்ந்து, காசு வாங்கிவிட்டான் என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். அடுத்த ஆண்டுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை. ஏன் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

2019-இல் ஒரு நாள் விடியற்காலையில் கேத்தி பாலாடாவுக்குக் கேரட் ஏற்ற வண்டி கொண்டுபோயிருந்தேன். கேரட் கழுவும் இயந்திரத்தின் உருளை சுற்றிக்கொண்டிருக்க, முழங்கால் வரை பூட்ஸ் அணிந்து, சிவந்து தடித்துப்போன கைகளால் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான். என்னை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. நான் கத்தியதும் நினைவில் இருந்தது. ஆனாலும் மூட்டைகளை ஏற்றி முடித்த பிறகு டீ வாங்கிக் கொடுத்தான். நானாகத்தான் அந்த கோலைப் பற்றிக் கேட்டேன். "உதைத்த சத்தம் கேட்டது அண்ணா. பந்து எங்கே என்று தேடினேன். காலுக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் பார்த்தேன்" என்றான். பிறகு அவன் சொன்னதுதான் என்னை உலுக்கியது. மேகம் மூடத் தொடங்கியதுமே கண் தெரியவில்லை என்று கையை உயர்த்திக் காட்டியிருக்கிறான். கோட்டோரத்தில் நின்ற எங்கள் செயலாளர், ஆடு ஆடு என்று கையை வீசியிருக்கிறார். ஆட்டம் நிறுத்தப்பட்டால் மறுநாள் முதலிலிருந்து ஆட வேண்டும். மறுநாள் வண்டி வாடகைக்கு அணியிடம் பணம் இல்லை. செயலாளரின் கணக்கு தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தோற்ற பிறகு, கண் தெரியவில்லை என்று பையன் சொன்னான், நான்தான் ஆடச் சொன்னேன் என்ற ஒரு வாக்கியத்தை அவர் எங்களிடம் சொல்லியிருந்தால், பேருந்து நிறுத்தம் வரை யாரும் அவனைப் பின்தொடர்ந்திருக்கமாட்டோம்.

கீவ் நகரில் 2018 மே 26 அன்று நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் அதன் பிறகு எனக்கு வேறுவிதமாகத் தெரிகிறது. லிவர்பூல் கோல்கீப்பர் லோரிஸ் கரியுஸ், எதிரணியின் பென்சேமாவின் காலிலேயே பந்தை எறிந்து ஒரு கோலையும், பேல் தொலைவிலிருந்து அடித்ததைக் கைநழுவவிட்டு இன்னொரு கோலையும் கொடுத்தார்; 3-1 என்று ரியல் மாட்ரிட் வென்றது. அந்த முதல் தவறுக்குச் சற்று முன்பு ராமோஸுடன் மோதியதில் அவருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்ததாகவும், அது பார்வைக் கணிப்பைப் பாதித்திருக்கலாம் என்றும் அமெரிக்க மருத்துவர்கள் சில நாட்களிலேயே அறிவித்தார்கள். அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அவர் இடத்துக்கு அலிசன் வந்தார், கரியுஸ் இரவலாக பெஷிக்டாஷுக்கும் பிறகு யூனியன் பெர்லினுக்கும் போனார், லிவர்பூலுக்காக இன்னொரு போட்டி ஆட்டத்தில் இறங்கவே இல்லை. 2023 பிப்ரவரி 26 அன்று நியூகாசில் அணிக்காக லீக் கோப்பை இறுதியில் அவர் கம்பத்தின் கீழ் நின்றபோது, தோற்றாலும் பரவாயில்லை, இவர் இன்று நன்றாக ஆடிவிட வேண்டும் என்று நான் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

கோத்தகிரி உறுப்பினர்

ஐயா, உங்கள் பதிவைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன், லண்டனின் ஆர்சனல் அணிக்கு ரசிகன்.

2019 அக்டோபர் 27 அன்று கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக 2-0 என்று முன்னிலையில் இருந்து 2-2 ஆன ஆட்டத்தில், அணித்தலைவர் கிரானிட் ஷாக்காவை மாற்றி வெளியே அழைத்தார்கள். அவர் மெதுவாக நடந்தார். சொந்த மைதானமே கூச்சலிட்டது. அவர் காதில் கை வைத்துக் காட்டி, ஜெர்சியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அணிக்கு அவமரியாதை செய்தவன் இனி ஆடக்கூடாது என்று நானும் அன்றிரவு எழுதினேன். சில நாட்களில் அவர் வெளியிட்ட விளக்கத்தில், தன் மனைவியையும் பிறந்து சில வாரங்களே ஆன மகளையும் குறித்து ரசிகர்கள் அனுப்பிய செய்திகளைச் சொல்லியிருந்தார்; குழந்தைக்குப் புற்றுநோய் வரட்டும் என்று எழுதியவர்களும் இருந்திருக்கிறார்கள். தலைமைப் பதவி பறிக்கப்பட்டது.

என் எண்ணம் அப்போதும் முழுதாக மாறவில்லை. மாற்றியது என் மாணவன் ஒருவன். அடுத்த ஆண்டு ஜனவரியில் காந்தி மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் அவனை இரண்டாம் பாதியில் வெளியே அழைத்தேன். மைதானத்தின் மறுகோடியிலிருந்து தரையைத் தேய்த்துக்கொண்டு அவ்வளவு மெதுவாக வந்தான். பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர் சிலர், திமிர் என்று உரக்கவே சொன்னார்கள், எனக்கும் கோபம்தான். வந்து என் எதிரில் நின்றவனின் வலது காலைப் பார்த்தேன். பூட்ஸின் அடிப்பாகம் முன்பக்கத்தில் பிளந்து, சணல் கயிற்றால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. கட்டு அவிழ்ந்துவிடாமல் இருக்கத்தான் காலைத் தூக்காமல் நடந்திருக்கிறான். மற்றவர்கள் முன்னால் குனிந்து அதைக் கட்ட வெட்கப்பட்டிருக்கிறான். நான் ஆசிரியன், ஒரு மாதமாக அவனைத் தினமும் பார்க்கிறவன், எனக்கே தெரியவில்லை.

ஷாக்கா ஆர்சனலிலேயே தங்கினார். 2023 மே மாதம் வுல்வ்ஸ் அணிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தபோது, போகாதே என்று அதே மைதானம் பாடியது. பிறகு லெவர்குசன் அணியில் சேர்ந்து, ஒரு தோல்விகூட இல்லாமல் 2023-24 ஜெர்மன் லீக்கை வென்றார். இந்தப் பின்கதை நடக்காமலே போயிருந்தாலும் 2019-இல் நாங்கள் எழுதியது தவறுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன். திரும்பி வந்து வென்றவர்களிடம் மட்டும் மன்னிப்புக் கேட்பது எளிது.

அருவங்காடு உறுப்பினர்

எனக்கு நேரடி அனுபவம் இல்லை. ஹாரி மகுவயரை மட்டும் நினைவூட்டுகிறேன். 2019-இல் 8 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது மான்செஸ்டர் யுனைடெட் நிர்வாகம். அந்த விலையை அவர் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தவறுக்கும் அந்தத் தொகையைச் சொல்லித்தான் அவரை ஏளனம் செய்தோம். 2023-இல் தலைமை போனது. 2025 ஏப்ரல் 17 அன்று லியோனுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் தலையால் முட்டி 5-4 ஆக்கியவரும் அவர்தான். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் 2010-இல் உரிமையாளர்களுக்கு எதிராகப் பச்சையும் பொன்னிறமுமான கழுத்துத்துணி அணிந்தது போல, கோபத்தை உரியவரிடம் காட்டுவதே சரி என்பது என் கருத்து.

கூடலூர் உறுப்பினர்

மேலே எழுதியவர்களோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. நிர்வாகியை நேரில் சந்தித்த பிறகும் என் எண்ணம் மாறவில்லை. அதையும் பதிவு செய்ய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் நாடுகாணிச் சுரம் இறங்கினால் நிலம்பூர், மலப்புறம். ஆகவே இங்கே பாதிப் பேர் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள். 2014, 2016, 2022 என்று மூன்று இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டங்களில் தோற்றதைத் தாங்கிக்கொண்டவர்கள், 2023 ஜூலையில் எங்கள் ஆட்டக்காரர் சஹால் அப்துல் சமதை மோகன் பகானுக்குக் கொடுத்ததைத் தாங்கவில்லை. விற்றதைவிட, ஏன் விற்றார்கள் என்று எங்களுக்குப் புரியும்படி ஒருவரும் சொல்லாததே வலித்தது.

அதே வலியை ஊரிலும் பட்டேன். எங்கள் ஊருக்கு அருகில் நடந்த செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) போட்டியில், உள்ளூர் பையன் ஒருவனை முன்வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரைக் கூலிக்கு இறக்கினார்கள். ஐந்து இரவுகள் அவன் ஜெர்சி போட்டுக்கொண்டு வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. ஆறாம் நாள் நாங்கள் மூன்று பேர் கமிட்டிப் பொருளாளரின் கடைக்குச் சண்டை போடும் எண்ணத்துடனேயே போனோம். அவர் சத்தம் போடவில்லை. கணக்கு நோட்டை எடுத்துக் கல்லாவின் மேல் விரித்து வைத்தார். கமுகு மரத்தில் கேலரி கட்டிய கூலி, ஜெனரேட்டர் வாடகை, விளக்கு, நடுவர்களுக்கான தொகை என்று ஒரு பக்கம் நிறைந்திருந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர் இறங்கிய இரவுகளில் டிக்கெட் வசூல் ஏறியிருந்ததும் தெளிவாகத் தெரிந்தது. நோட்டின் நடுவில் மடித்து வைத்திருந்த சிவப்புநிறக் காகிதம் ஒன்று கீழே விழுந்தது; ஜெனரேட்டருக்கு முன்பணம் கட்டுவதற்காக அவர் வீட்டு நகையை வைத்த அடகுச் சீட்டு அது. அவர் அதைச் சட்டென்று எடுத்து உள்ளே செருகிக்கொண்டார்.

அவர் திருடர் என்ற பேச்சை அன்றே நிறுத்தினேன். ஊரில் யார் சொன்னாலும் மறுத்தேன். ஆனாலும், இங்கே அண்ணன் என்பதற்குச் சொல்லும் காக்கா என்ற முறையிலேயே அழைத்து, ஒன்று கேட்டேன்: "இதையெல்லாம் எங்களிடம் காட்டுகிறீர்களே காக்கா, அந்தப் பையனிடம் முதல் நாளே, இந்த முறை உனக்கு இடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம் அல்லவா?" அதற்கு அவரிடம் பதில் இல்லை. அந்தப் பையன் அதன் பிறகு பந்தாட வரவில்லை. கடனாளி என்பதற்காக நான் அவரை மதிக்கிறேன்; பையனை உட்கார வைத்ததற்காக இன்றும் குறை சொல்கிறேன். இரண்டும் ஒருவரிடமே இருக்க முடியும்.

உதகை உறுப்பினர்

நான் ஆட்டக்காரியின் தாய். என் மகள் சில ஆண்டுகளுக்கு முன்பு சிறுமியருக்கான அணித் தேர்வுக்குப் போனாள். மதுரையின் சேது எஃப்.சி. 2018-19 இந்திய மகளிர் லீக்கை வென்றதிலிருந்து அந்த அணிக்கு ஆட வேண்டும் என்பதே அவள் பேச்சு. கடலூரிலிருந்து போய் இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனின் படத்தைப் புத்தக அட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். சுவரில் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இல்லை. வேண்டியவர்களுக்குத்தான் கொடுத்தார்கள் என்று கூட வந்திருந்த பெற்றோர்கள் சொன்னார்கள். நானும் அதையே நம்பி, வீட்டில் அவள் காதுபடவே சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, தேர்வு செய்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். பர்லியார் வரும்வரை தயங்கினேன், பிறகு கேட்டேவிட்டேன். அவர் திரும்பி, மகளின் பெயரைச் சொல்லி, "இடது கால் நன்றாக இருக்கிறது அம்மா. வலது காலுக்குப் பந்து வந்தால் உடம்பையே திருப்பிக்கொள்கிறாள். அதற்குள் எதிரணி எடுத்துவிடுகிறது. நான்கு முறை அப்படி ஆனதை நான் குறித்து வைத்தேன்" என்றார். அன்றைக்கே இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அழுகிற பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. என் மேல்தான் வந்தது. அவள் இப்போது வீட்டின் பின்சுவரில் வலது காலால் மட்டும் உதைத்துப் பழகுகிறாள். சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்று வட்டங்கள் படிந்திருக்கின்றன, நான் வெள்ளையடிக்கவில்லை.

குன்னூர் உறுப்பினர்

எல்லோருக்கும் நன்றி. கூடலூர்க்காரர் எழுதியதைப் படித்த பிறகு, எங்கள் பழைய செயலாளரைக் குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு டீக்கடையில் போய்ப் பார்த்தேன். பையன் சொன்னதை அப்படியே சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், தான் கை வீசியது உண்மை என்றும், அவன் கையை உயர்த்தியதைப் பார்த்ததும் உண்மை என்றும் ஒப்புக்கொண்டார். தோற்ற அன்று கூட்டத்தின் கோபத்தைக் கண்டு பயந்துவிட்டதாகவும், அடுத்த ஆண்டு அவன் பெயரைச் சேர்த்தால் மறுபடி அந்தப் பேச்சு எழும் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். அணியின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆகவே எழுதவில்லை. அவன் எங்கே வேலை செய்கிறான் என்று விசாரித்தார். விடியற்காலையில் வண்டிகள் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பிய பிறகுதான் அவனுக்கு ஓய்வு என்றேன். ஞாயிற்றுக்கிழமை என் வண்டியிலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றிரவு தொலைபேசியில் கேட்க வேண்டும். அவன் வர வேண்டாம் என்றால் நான் அழைத்துப் போகமாட்டேன்.